வெள்ளிக்கிழமை வரிசை

அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணிக்கு வந்த காற்று எச்சரிக்கை, நாலு மணி ஆகியும் சிதம்பரத்தை விட்டு நகரவில்லை. அனுப்பியவனுக்கோ அது தெரியாது. அவன் பாட்டுக்கு மெஸ்ஸுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டான், கீழ வீதியில் நின்று ஒரு டீ குடித்தான், கோயிலுக்குப் போகிற கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு ஆடி அசைந்து ஆபீசுக்குத் திரும்பினான். அவனுக்கு ஒரு அவசரமும் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள்.

அவன் பெயர் சுரேந்தர். கடலூருக்குத் தெற்கே செம்மேட்டுக்குப்பம் என்கிற மீனவர் ஊரில் பிறந்து, டிப்ளமோ படித்து, சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிற வேலையில் இருந்தான். சுனாமி வந்து மூன்று வருஷம் ஆகப்போகிற கார்த்திகை மாதம் அது. அந்த நிறுவனம் கடலோரத்தில் ஏழு ஊர்களில் ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, டவர் விட்டு டவர் வயர்லெஸ்ஸில் சிதம்பரத்தோடு இணைத்திருந்தது. லைன் ரொம்பக் குறுகல். வெளிநாட்டுக்குப் பேசுகிற இன்டர்நெட் போன், காலேஜில் சேருகிறவர்களின் விண்ணப்பம், யாரோ இறக்குகிற சினிமா, கடல் செய்தி எல்லாம் அந்தச் சந்துக்குள்தான் இடித்துக்கொண்டு போக வேண்டும்.

கடல் செய்தி என்றால் சுரேந்தரின் குரல். வானிலை அறிக்கை ஈமெயிலில் வந்ததும் அதை ஊர்ப் பேச்சில் மைக்கில் சொல்லிப் பதிந்து ஏழு ஊருக்கும் அனுப்புவான். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் தினமும் மூன்று மணிக்கு அதைத் தானாக எடுத்து, கூம்பு ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்கும்படி போடும். புதுச் செய்தி முழுசாக வந்து சேராவிட்டால் முந்தின நாள் செய்தியையே போடும். ஸ்பீக்கர் சும்மா கிடந்தால் சனங்கள் கிண்டல் பண்ணுவார்கள் என்று அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்ததும் அந்தப் புத்திசாலிதான்.

ஆரம்பத்தில், முதலில் கேட்டவருக்கு முதலில் என்றுதான் லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஊரில் ஒருத்தர் சினிமா இறக்க உட்கார்ந்தால் மற்ற ஆறு ஊரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். சுரேந்தர் படித்துப் படித்து அதை மாற்றினான். ஊருக்கு ஒரு வரிசை. பந்தியில் சோறு போடுகிறவர் ஆளுக்கு ஒரு கரண்டி வைத்துக்கொண்டே போகிற மாதிரி, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து அனுப்பிவிட்டு மெஷின் அடுத்த வரிசைக்குப் போகும். எவ்வளவு பெரிய இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு கரண்டிதான். ஏழு ஊரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின.

பேச்சுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. சினிமா ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் குடி முழுகிப் போகாது. பேச்சு அரை விநாடி தாமதமானாலும் வார்த்தை வெட்டுப்பட்டுவிடும். அதனால் பேச்சு வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று ஒரு விதி போட்டான். கூடவே, பேச்சு பாதி லைனுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு கடிவாளமும் போட்டான். அதுவரைக்கும் அவன் செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பரங்கிப்பேட்டை சென்டரைப் பார்த்துக்கொண்டவர் ரஃபியுதீன் பாய். அவர் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆள் அரபு நாட்டில் இருந்தார். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. ஜும்மா தொழுது, சாப்பிட்டுவிட்டு அவர்கள் பேச உட்காரும்போது இங்கே மணி இரண்டரை, மூன்று ஆகும். ஒரே நேரத்தில் இருபது பேர் பேசினால் பாதி லைன் எந்த மூலைக்கு?

"வாரத்துக்கு ஒரு நாளுதான் தம்பி," என்று ஐப்பசியில் ஒருநாள் பாய் சிதம்பரத்துக்கே வந்து கேட்டார். "எம் பொண்ணு நஜியா, புள்ளைக்குப் பல்லு மொளைச்சத மாப்பிள்ளகிட்ட சொல்லி முடிக்கறதுக்குள்ள மூணு வாட்டி கட்டாயிடுச்சு. அழுதுகிட்டே வூட்டுக்குப் போச்சு. நீ மனசு வெச்சா முடியும்."

சுரேந்தர் மனசு வைத்தான். வெள்ளிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் அந்தக் கடிவாளத்தைக் கழற்றினான். கடல் செய்தி நின்றுபோகுமே என்று ஒரு கணம் யோசிக்கத்தான் செய்தான். வெளியூர்க்காரன் எவனாவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால், என்ன ஆகுமோ ஏது ஆகுமோ என்று பயந்து கழற்றாமல் விட்டிருப்பான். இவன் மண்ணின் மைந்தன் ஆயிற்றே. அந்த ஏழில் கடலுக்குப் போகிற ஊர்கள் எல்லாவற்றிலும் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு உரிய நாள், படகை இறக்கினால் பஞ்சாயத்தில் அபராதம் என்பது அவனுக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். கடலில் ஆளே இல்லாத நாளில் கடல் செய்தி யாருக்கு என்று விட்டுவிட்டான்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு மேஜைமேல் இருந்த இன்டர்நெட் போன் அடித்தது. செம்மேட்டுக்குப்பம் சென்டரிலிருந்து அவன் அக்கா ஜோதிலட்சுமி. அந்த ஊர் சென்டரைத் திறந்து மூடுகிற வேலை அவளுக்கு. அவன் போட்ட விதியின் புண்ணியத்தில் அவள் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அத்தனை தெளிவாகக் கேட்டது.

"சுரேந்தர், நாளைக்கு வரியா? மாமா எறா கொண்டாந்தா வறுத்து வைக்கறேன்."

"எறாவுக்கு எங்க போறது? இன்னிக்கு வெள்ளிக்கெழம."

"அதான் போயிருக்காரே. பத்து நாளாக் கடலு சரியில்லாம எல்லாரும் சும்மாக் கெடந்தாங்களா, நேத்து எறங்கனவங்களுக்கு நல்ல மீன்பாடு. பஞ்சாயத்துல பேசி, காலையில அம்மனுக்குப் பூச போட்டுட்டு மத்தியானத்துக்கு மேல போலாம்னு விட்டுட்டாங்க. பதினோரு போட்டு போயிருக்கு. நம்ம போட்டுல மாமாவும் சின்னையனும்."

சுரேந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "செய்தி கேக்கலயா?" என்றான்.

"கேக்காம எப்படிப் போவாங்க? மூணு மணிக்கு நீதான சொன்ன. இன்னிக்குக் காத்து இல்ல, கடலு சாதுவா இருக்கு, பயமில்லாமப் போயிட்டு வாங்கன்னு. நேத்து சொன்ன மாதிரியே சொன்ன. சரி, நாலு நாளைக்கு இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சிக்கிட்டோம்."

அவன் திரையைப் பார்த்தான். எச்சரிக்கை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போயிருந்தது. மிச்சம் அப்படியே வாசலில் உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் பேச்சு, பேச்சு, பேச்சு என்று இருபத்திரண்டு வரி. அன்று மாலை ஆறு மணிக்குள் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று இரண்டே முக்காலுக்கு அவன் தன் வாயால் சொல்லிப் பதிந்தது அது. ஊரில் கேட்டதோ வியாழக்கிழமைக் குரல்.

"அக்கா, ஓடு. நான் சொன்னது நேத்தைய செய்தி. பெருங்காத்து வருது. படகுங்களத் திருப்பச் சொல்லு, ஓடு."

போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. சுரேந்தர் பேச்சுக்குக் கொடுத்த வழியை அடைத்தான். இருபத்திரண்டு வரியும் திரையிலிருந்து மறைந்தன. எச்சரிக்கை முழுவதும் ஊர் போய்ச் சேர ஒன்றரை நிமிஷம்தான் ஆனது. ஒன்றரை நிமிஷ வேலை ஒன்றரை மணி நேரமாக வாசலில் காத்துக் கிடந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது அவனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

மாமாவின் செல்லுக்கு அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. மறுபடி அடித்தான். அதே பதில். மாமா ஞானசேகரன் அவனுக்கு வெறும் அக்கா புருஷன் இல்லை. அப்பா போன பிறகு டிப்ளமோவுக்கு அவனைச் சேர்த்துவிட்டு, மூன்று வருஷமும் தன் வலையைப் பார்த்ததைவிட அவன் மார்க்கைத்தான் அதிகம் பார்த்த மனுஷன். ஊர் ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டால் பக்கத்தில் இருப்பவனை வாயை மூடச் சொல்லிவிட்டுக் கேட்பார்.

வண்டிச் சாவியை எடுக்கும்போது ரஃபியுதீன் பாய் செல்லில் கூப்பிட்டார். "என்னா தம்பி, எல்லா லைனும் ஒரே அடியாக் கட்டு. இங்க இருபது பேரு உக்காந்திருக்காங்க."

"பாய், எங்க ஊரு போட்டுங்க பதினொண்ணு கடல்ல நிக்குது. எச்சரிக்கை போகல. உங்க பேச்செல்லாம் முன்னால நின்னுடுச்சு."

"யா அல்லா," என்றார் பாய், மெதுவாக. "நான் மீன் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லி வெள்ளாத்து மொகத்துல நிக்கற போட்டுங்கள உங்க ஆளுங்களத் தேடச் சொல்றேன். நீ போ தம்பி. பார்த்துப் போ."

புதுச்சத்திரம் தாண்டும்போதே காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. வடகிழக்கில் வானம் கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. எதிரே வந்த பஸ்கள் நாலரை மணிக்கே லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தன. ஆலப்பாக்கத்தில் கடலோர ரோட்டுக்குத் திரும்பியதும் மழை முகத்தில் மணலை வாரி அடித்த மாதிரி அடித்தது. மாமாவைக் கொண்டுவந்து சேர்த்துவிடு, மாமாவை மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று அவன் வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனான். எந்தச் சாமியிடம் கேட்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெளிவில்லை. வெள்ளிக்கிழமை அம்மனிடம் கேட்க அவனுக்கு முகமில்லை.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை தாண்டியிருந்தது. ஊரே அங்கேதான் நின்றது. பச்சை ஓலையைக் கொளுத்திப் புகை காட்டிப் பார்த்திருக்கிறார்கள், மழை அணைத்துவிட்டது. ஸ்பீக்கரில் அவன் எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியவர்கள் கரையில் இல்லை. பதினொன்றில் பத்துப் படகு திரும்பிவிட்டது. வராதது ஞானசேகரனுடையது மட்டும்தான். பஞ்சாயத்துக்காரர் காசிநாதன், தன் பெரிய இன்ஜின் படகில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு தேடப் போயிருந்தார்.

"நாங்க வானத்தப் பார்த்தோம், திரும்பிட்டோம்," என்றான் திரும்பி வந்தவர்களில் ஒருவன், குளிரில் பல் தந்தியடிக்க. "ஞானசேகரனுக்குக் கைய ஆட்டிக் காட்டனோம். அவுரு இன்னும் வெளிய போனாரு."

ஜோதிலட்சுமி அலையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்து காலில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் தோளைப் பிடித்தபடி பூவம்மாள் நின்றாள். பூவம்மாள் சின்னையனின் மனைவி. சுரேந்தரைப் பார்த்ததும் தன் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"தொடச்சுக்க தம்பி. மழையில லைன் போயிருக்கும், நீ என்னா பண்ணுவ. உன் அக்காவ உக்காரச் சொல்லு, மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்டல."

சுரேந்தர் துண்டை வாங்கிக்கொண்டான். லைன் போகவில்லை, லைன் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தான். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான். சொன்னால் இங்கேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று ஒரு பயம். சொல்லாமல் போனால் அதைவிடப் பெரியதாக ஒன்று நடக்கும் என்று இன்னொரு பயம். பூவம்மாள் டீ கொண்டுவருகிறேன் என்று போன நேரத்தில், அக்காவிடம் மட்டும் குனிந்து, முழுவதையும் சொன்னான். கடிவாளத்தைக் கழற்றியதை, பாய் வந்து கேட்டதை, வெள்ளிக்கிழமை யார் போகப் போகிறார்கள் என்று நினைத்ததை, ஒன்று விடாமல் சொன்னான்.

அவள் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ்ளோ நேரம் என்னா பேசுனாங்க?" என்று கேட்டாள்.

"என்னா பேசுவாங்க அக்கா. சாப்டீங்களா, புள்ள எப்படியிருக்கு, எப்ப வருவீங்க. அதான்."

"நான்கூட எறா வறுக்கறதச் சொல்லத்தான் கூப்புட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இத இப்ப யாருகிட்டயும் சொல்லாத. மொதல்ல அவுரு வரட்டும்."

அவர் வரட்டும் என்பதைத் தவிர அவனுக்கும் வேறு நினைப்பில்லை. அலை ஒவ்வொன்றும் கரையில் விழும்போது நெஞ்சில் விழுந்தது. ஏதாவது கருப்பாகத் தெரிந்தால் படகு என்று எழுந்து நிற்பான், அது அலையின் முதுகாக இருக்கும். மாமா நீச்சல்காரர், ஒன்றும் ஆகாது என்பான். உடனே, இந்தக் கடலில் நீச்சல் என்ன செய்யும் என்று தோன்றும். மாமா இல்லாத வீட்டை நினைத்தான், அக்காவின் நெற்றியை நினைத்தான், அதற்கு மேல் நினைக்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டான். பூவம்மாள் கொண்டுவந்த டீயை அவன் கையில் திணித்து, குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். "வந்துடுவாங்க தம்பி, கலங்காத," என்று இரண்டு தடவை சொன்னாள்.

நன்றாக இருட்டிய பிறகு வெளிச்சம் ஒன்று தெரிந்தது. காசிநாதனின் படகு. அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்தார்கள். சுரேந்தர் எல்லோருக்கும் முன்னால் போனான். படகின் நடுவில் ஞானசேகரன், யாரோ போர்த்திவிட்ட தார்ப்பாய்க்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது, உயிர் இருந்தது.

"மாமா," என்று சுரேந்தர் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்தக் காலின் சூடு கையில் பட்டபோது, அக்காவின் போன் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்கு மூச்சு உள்ளே போனது. பின்னால் ஜோதிலட்சுமி தண்ணீரிலேயே உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"எந் தப்பு மாமா. எல்லாம் எந் தப்பு."

ஞானசேகரன் அவன் தலையில் கை வைத்தார். "அவன் சொன்னான் மச்சான்," என்றார். "வானம் கருக்குது, அவுங்களும் கையாட்டறாங்க, திரும்பிடலாம்ணேன்னு ரெண்டு வாட்டி சொன்னான். நாந்தான் கேக்கல. எம் மச்சான் மெஷினுல பார்த்துச் சொல்லியிருக்கான், அவனவிட உனக்குத் தெரியுமான்னு வாய அடச்சுட்டேன். போட்டு கவுந்ததும் என் கையப் புடிச்சிருந்தான். அடுத்த அலையில இல்ல."

சுரேந்தர் தலையைத் தூக்கினான். காசிநாதன் வேறு பக்கம் பார்த்தார். சின்னையன். சிதம்பரத்திலிருந்து இவ்வளவு தூரம் கும்பிட்டுக்கொண்டே வந்தானே, அந்தப் பெயரை ஒரு தடவைகூட அவன் சொல்லவில்லை. சின்னையன் பெண்டாட்டி கொடுத்த துண்டால் தலையைத் துடைத்தான், அவள் கொடுத்த டீயைக் குடித்தான், அப்போதும் நினைக்கவில்லை.

காற்று இரைச்சலில் பின்னால் நின்றவர்களுக்குப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. பூவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள். படகின் முன்பக்கம் பார்த்தாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். பின்பக்கம்வரை பலகையைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு சுரேந்தர் முகத்தைத்தான் பார்த்தாள். இதெல்லாம் அவனுக்குத்தானே தெரியும்.

"தம்பி," என்று கேட்டாள், "அவுரு அடுத்த போட்டுல வராரா?"